மங்லாவில் தண்ணீர் இறங்கியது

அத்தியாயம் 11

தன் பெயரைத் தானே ஒரு கல்லறையில் வாசிக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மஹ்மூத் அக்தருக்குப் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. அதுவும் சொந்த மகள் கையால், செல்போன் திரையில், "எப்படிப்பா இருக்கு?" என்ற கேள்வியோடு.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நடந்தது தெரியும். நடுவில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

மகள் உஸ்மா இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். மூடிக் கிடந்த கம்பளி ஆலை ஒன்றை அங்கே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் மீர்ப்பூரிலிருந்து வந்து அந்த ஆலையில் கம்பளி சீவியவர்களுக்கும் நூற்றவர்களுக்கும் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று ஆறு மாதம் நாயாய் அலைந்தாள். ஊர்ப் படம் இல்லாமல் என்ன கண்காட்சி? ஆனால் ஊர்தான் மங்லா அணைக்கு அடியில் கிடக்கிறதே. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கும்போது மட்டும் பழைய மசூதியும் கல்லறைகளும் தலை காட்டும். இந்த வருஷம் மே மாதம் என்றைக்கும் இல்லாத அளவு இறங்கியது. அந்தப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவனைப் பிடித்து, சேற்றில் இறக்கி, படம் எடுக்க வைத்தாள்.

அவன் அனுப்பிய நாற்பது படங்களில் ஒன்று அவளை அப்படியே நிறுத்திவிட்டது. வெடித்த சேற்றுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு வெள்ளைப் பளிங்குக் கல். அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, நுழைந்ததும் தெரியும் சுவரில் மாட்டிவிட்டாள்.

உஸ்மாவுக்கு உருது பேசினால் புரியும். வாசிக்க வராது. அவள் அப்பாவுக்கு வரும்.

"மஹ்மூத் அக்தர். தகப்பனார் கரம் தாத். வயது பத்து. 1965 மார்ச்."

அறுபது வருஷமாக அவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் அது. தகப்பன் பெயர் அது. ஆண்டுகூட, அவர் இங்கிலாந்து வந்து இறங்கிய ஆண்டுதான். மூன்று மாதம்தான் வித்தியாசம்.

கரம் தாத் அவருக்கு அப்பா இல்லை, சித்தப்பா. மனிதர் முன்னாலேயே பிராட்ஃபோர்டு வந்து ஆலையில் சேர்ந்து, தன் மகன் மஹ்மூதைக் கூப்பிட்டுக்கொள்ளக் காகிதமெல்லாம் போட்டார். காகிதம் வந்த இருபதாம் நாள் பையனுக்கு டைபாய்டு. போய்விட்டான். காகிதம் வீணாகக் கூடாது என்று அண்ணன் மகன் ஸமானை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பதினொரு வயது. "உன் பேரு இனிமே மஹ்மூத்" என்றார்கள். தலையாட்டினான். அந்த வயதில் வேறு என்ன செய்வான்?

அந்த ஊரில் இது புதிதில்லை. அண்ணன் பிள்ளை தம்பி பிள்ளையாகவும், தங்கை பையன் சொந்தப் பையனாகவும் பாதி ஊர் இப்படித்தான் வந்தது. மற்றவர்கள் செய்யாத ஒரு தப்பை மட்டும் கரம் தாத் செய்தார். பெற்ற மனம் கேட்கவில்லை. மற்ற கல்லறைகளெல்லாம் மண் மேடாக இருந்தபோது, ஜேலம் நகரத்தில் சொல்லி, தன் மகனுக்குப் பளிங்கில் பெயர் வெட்டி நட்டுவிட்டார். இரண்டே வருஷத்தில் அணைத் தண்ணீர் ஏறியது. ஊர் போயிற்று, மண் மேடுகள் கரைந்தன. ரகசியமும் மூழ்கியது என்று நினைத்தார்கள். பளிங்கு கரையவில்லை.

இதோ, மறுநாள் சனிக்கிழமை காலை. மூன்று மணிக்குத் திறப்பு விழா.

"அந்தப் பெரிய படத்த மட்டும் எடுத்துடும்மா" என்றார் மஹ்மூத்.

உஸ்மா நின்றுகொண்டே பராத்தாவைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தாள். "எந்தப் படம்?"

"அந்தக் கல்லு."

"அப்பா! அதான் கண்காட்சிக்கு உயிரே."

"கபுரப் போயி யாராச்சும் சுவத்துல மாட்டுவாங்களா? ஜனங்க என்ன பேசுவாங்க?"

"இதே ஜனங்கதான் தண்ணி இறங்குச்சுன்னா விமானம் பிடிச்சுப் போயி, முழங்கால் சேத்துல நின்னு அந்தக் கபுருக்குப் பூப் போடறாங்க. படமா பாத்தா மட்டும் பாவமா?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கு எங்கப்பா உருது தெரியும்? சனிக்கிழம வகுப்புக்கு அனுப்புங்கன்னு அம்மா தலதலையா அடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்கு எப்பவும் பஸ்சு, பஸ்சு." அவள் சிரித்தாள். "கவலைப்படாதீங்க. பல்கலைக்கழகத்துல ஒரு டீச்சரம்மா எல்லாக் கல்லையும் மொழிபெயர்த்து நேரா அச்சகத்துக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு மணிக்கு அட்டை வந்துடும். படத்துக்குக் கீழ ஒட்ட வேண்டியதுதான்."

மஹ்மூத் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். ஞாபகம் இருக்குல்ல? பதினோரு வயசுல வந்த கதை. எங்க தாத்தா கரம் தாத் விமான நிலையத்துல உங்களக் கட்டிப்பிடிச்சு அழுதாரே, அது கண்டிப்பா வேணும்."

அழுதது உண்மைதான். யாருக்காக அழுதார் என்பதை அவர் மகளுக்குச் சொன்னதில்லை.

"அப்புறம், சௌத்ரி ரவேல் அங்கிள் முன் வரிசையில நாற்காலி போடச் சொல்லியிருக்காரு."

"அவர ஏம்மா கூப்பிட்ட?"

"நம்ம ஜனங்க சாவையெல்லாம் பாத்துக்கற மையத்து கமிட்டித் தலைவரக் கூப்பிடலேன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. கோவம் இருக்கும்தான். இருந்துட்டுப் போகட்டும். அவர் பையன வேண்டாம்னு சொன்னது நானு. உங்களுக்கு என்ன பயம்?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்ன பயம் என்று கேட்டுவிட்டுப் போகிறாள்! இரண்டு கல்யாணம் முறித்த பையனுக்குப் பெண் கேட்டு ரவேல் வந்தபோது, "என் பொண்ணு இஷ்டம்" என்று மஹ்மூத் சொல்லிவிட்டார். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட மனிதர் மறந்திருப்பார். பெண்ணின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னதை மறக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் வேறு. உருது தண்ணீர் பட்ட பாடு அவருக்கு.

இந்த ஊரில் சண்டை வந்தால் யாரும் தெருவில் நின்று கத்துவதில்லை. பெயர் போடாமல் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போய்விடும். இன்னார் இன்னார் இல்லை என்று ஒரு வரி போதும். போன குளிர்காலத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு கிழவர் வீட்டுக்கு இப்படித்தான் ஆள் வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. உஸ்மாவின் பிறப்புச் சான்றிதழிலும் தகப்பன் பெயர் மஹ்மூத் அக்தர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன மனைவிக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். வேறு பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள் பாவம்.

காப்பாற்றக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். ஸகீனா. கரம் தாத்தின் மகள், செத்துப்போன பையனின் சொந்தத் தங்கை. அவன் போனபோது அவளுக்கு ஆறு வயது. சில வருஷம் கழித்து அம்மாவோடு பிராட்ஃபோர்டு வந்து, காகிதப்படி மஹ்மூதுக்குத் தங்கையாகவே வாழ்ந்து கிழவியாகிவிட்டாள். விஷயம் தெரிந்த இன்னொரு உயிர் அவள் மட்டும்தான். அத்தை முகம் சுளித்தால் உஸ்மா படத்தைக் கழற்றிவிடுவாள். அத்தையிடம் அவளுக்கு அத்தனை பயம்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. நேரே போனார். கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்தாள். "ஸகீனா பெரியம்மாவா? காலையிலயே போயிட்டாங்களே. நம்ம உஸ்மா நேத்து அவங்களுக்கு ஏதோ படம் அனுப்பிச்சாளாம். அதைப் பாத்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. பஸ் ஏறி அந்த ஆலைக்குத்தான் போனாங்க."

மஹ்மூத் பஸ் நிறுத்தத்துக்கு விரைந்தார்.

அவர் இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய அதே தடத்து பஸ்தான். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன் அவரிடம் வேலை பழகியவன்.

"வாங்க மாமா! போஸ்டர்ல உங்க மூஞ்சிதான் ஊரெல்லாம். இனிமே உங்களுக்கு டிக்கெட் கேட்டா என்னை உதைப்பாங்க."

"ஓட்டுப்பா" என்றார். சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் சின்ன வயது முகம் அவரைப் பார்த்தது. கீழே பெரிய எழுத்தில் அந்தப் பெயர். இத்தனை வருஷம் பழகிய பெயர், இன்றைக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. வேறு யாருடையதோதான்.

ஆலைக்குள் நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவில் காஷ்மீர் இளஞ்சிவப்புத் தேநீர் கொதித்தது. யாரோ ஒலிபெருக்கியைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சோதித்தார்கள். உஸ்மா எங்கோ பின்னால் யாரிடமோ, "அட்டை இன்னும் அச்சகத்துலயே இருக்கா? விளையாடறீங்களா?" என்று போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

நுழைவுச் சுவரில் அந்தக் கல். அதற்கு முன்னால், ஒரு மடக்கு நாற்காலியில், ஸகீனா.

கைகள் மடியில் கிடந்தன. துப்பட்டா தலையை விட்டு நழுவியிருந்தது. தெருவில் போகும் பையன்களின் சட்டைப் பொத்தானைக்கூடத் திருத்திவிட்டுப் போகிறவள், தன் தலைத்துணி விழுந்ததை அறியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஸகீனா" என்று மெல்லக் கூப்பிட்டார். "வா, வீட்டுக்குப் போவோம்."

"இந்தக் கல்ல நான் தொட்டதே இல்லண்ணே" என்றாள் அவள் திரும்பாமல். "பொம்பளப் புள்ள கபுர் பக்கம் வரக்கூடாதுன்னு வேலிக்கு வெளியிலயே நிறுத்திட்டாங்க. அப்புறம் தண்ணி வந்துருச்சு."

"தெரியும்மா. ஆனா இத எடுத்தாகணும். நீயே உஸ்மாகிட்டச் சொல்லு. கபுரு படம் வேண்டாம், மனசு கஷ்டமா இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா."

அப்போதுதான் அவள் திரும்பினாள். "ஏன் எடுக்கணும்?"

"ஏனா? மூணு மணிக்கு ரவேல் வரப்போறான். நீ வாசிச்சல்ல? அவன் வாசிக்க மாட்டானா?"

"வாசிக்கட்டும்."

"ஸகீனா!"

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். வருஷா வருஷம் நம்ம வீட்டுல ஃபாத்திஹா ஓதறோம். செத்துப்போனவங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுவாங்க. மூணு நாள் உயிரோட இருந்த குழந்த பேரு வரைக்கும் வரும். எங்கண்ணன் பேரு ஒரு தடவையாச்சும் வந்துச்சா?"

மஹ்மூத் படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

"எப்படி வரும்? அந்தப் பேருக்காரரு முன்னால உக்காந்து ஆமீன் சொல்லிக்கிட்டு இருக்காரே. எங்கம்மா சாகற வரைக்கும் மகன் பேரச் சொல்லி அழுததில்லண்ணே. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுவாங்க. உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு. உன்னையும் அவங்கதானே வளத்தாங்க."

"எனக்கு மட்டும் ஆசையா?" என்று வெடித்தார் மஹ்மூத். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா செத்தப்போ பெரியம்மா செத்துட்டாங்கன்னுதான் லீவு கேட்டேன். பெரியம்மாவுக்கெல்லாம் லீவு கிடையாதுன்னான் அதிகாரி. அன்னிக்கும் பஸ் ஓட்டினேன் ஸகீனா."

அவள் கண் கலங்கியது. கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடு" என்றாள் கடைசியில். "உன் உயிருக்கு முன்னால படம் பெருசில்ல. எடுத்துட்டுப் போ. ஆனா நீயே எடு. நான் அவள்கிட்டச் சொல்ல மாட்டேன். அறுவது வருஷத்துக்கு அப்புறம் எங்கண்ணன இன்னிக்குத்தான் பாத்தேன். அவன மறுபடி தண்ணிக்குள்ள தள்ளுன்னு என் வாயால வராது."

மஹ்மூத் போய் சட்டத்தின் இரண்டு பக்கமும் கை வைத்தார். கனமில்லை. இரண்டு கொக்கிதான். தூக்கினால் வந்துவிடும். இடது பக்கக் கொக்கி கழன்றுகூட விட்டது. படம் கோணலாகத் தொங்கியது.

பளிங்கில் காய்ந்த பாசி ஓரம் பிடித்திருந்தது. பையனுக்கும் அவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இருவரும் ஒரே கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்கள். மாம்பழம் திருடப் போனால் கீழே நின்று பிடிப்பவன் அவன்தான். அவன் பெயரில் படித்து, அவன் பெயரில் கல்யாணம் செய்து, பேரனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவனுக்கு மிஞ்சியது இந்த ஒரு கல்.

கழற்ற முடியவில்லை. கழன்ற கொக்கியை மறுபடி மாட்டினார்.

"நேராக்கறியா மஹ்மூத்து? இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தூக்கணும்."

குரல் கேட்டுத் திரும்பினார். சௌத்ரி ரவேல் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளை சல்வார், மேலே கறுப்புக் கோட்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு, கல்லுக்கு அருகே போய்க் குனிந்தார். உதடுகள் அசைந்தன. ஒரு தடவை வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

ஸகீனா எழுந்து நின்றாள்.

ரவேல் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. பண்டிகை நாள் முகம் அது.

"உனக்கு ஆயுசு கெட்டிப்பா" என்றார். "செத்து அறுவது வருஷம் ஆச்சு, அதுல இருபத்தெட்டு வருஷம் பஸ் வேற ஓட்டியிருக்க!"

"சௌத்ரி, நம்ம பகை நம்மோட இருக்கட்டும்" என்றார் மஹ்மூத்.

"பகையா? யாருக்குப் பகை? நான் சம்பந்தம் பேச வந்தவன்." ரவேல் அவர் தோளில் கை போட்டார். கை கனத்தது. "விழா முடியட்டும். என் பையன் விஷயத்த உன் பொண்ணுகிட்ட இன்னொரு தடவ பேசு. இந்தத் தடவ அவ இஷ்டம்னு சொல்லாத. தகப்பன் சொல்றேன்னு சொல்லு. சாயங்காலத்துக்குள்ள எனக்கு நல்ல சேதி வரணும்."

"வரலேன்னா?" என்று கேட்டது ஸகீனா.

"வரலேன்னா என்ன தங்கச்சி, வயசாச்சு எனக்கு. மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு இருக்க முடியறதில்ல. யார்கிட்டயாச்சும் சொல்லிடறேன்." தடியை ஊன்றிக்கொண்டு முன் வரிசைக்குப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. ஆலையில் வேலை பார்த்த கிழவர்கள் குல்லாயும் கோட்டுமாக முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் பெண்டு பிள்ளைகள், பேரன் பேத்திகள் பின்னால். மேயரம்மா கழுத்துச் சங்கிலியோடு வந்து, இந்த நகரத்தை நெய்தவர்கள் நீங்கள்தான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மஹ்மூத் மேடையில் உட்கார்ந்திருந்தார். கை தட்டியது அவருக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

சம்மதிக்கலாமா? உஸ்மாவை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். முப்பத்துநாலு வயதுப் பெண், அப்பா காலில் விழுந்தால் ஒருவேளை கேட்பாள். கேட்டுத் தொலைத்துவிடுவாள், அதுதான் பயம். ஒருவன் பெயரைத் தின்றது போதாதென்று இப்போது இவள் வாழ்க்கையையுமா? நினைக்கும்போதே அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மேயரம்மா முடிக்கும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. அச்சகத்து ஆள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து உஸ்மாவிடம் கொடுத்தான். அட்டைகள்.

உஸ்மா அவசரமாக ஒலிபெருக்கிக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்போ நம்மகிட்டப் பேசப்போறது பதினோரு வயசுல தனியா விமானம் ஏறி வந்த ஒரு பையன். இதே ஆலையில கம்பளி சீவின கரம் தாத்தோட மகன். எங்கப்பா, மஹ்மூத் அக்தர்!"

மண்டபமே தட்டியது. முன் வரிசையில் ரவேலும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் இரண்டு தடவை தட்டினார்.

மஹ்மூத் எழுந்து நின்றார். மேடையோரம் உஸ்மா உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பது தெரிந்தது. ஒரு அட்டையை எடுத்தாள், வாசித்தாள், மடியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். இன்னும் எத்தனை அட்டைக்குக் கீழே அது இருக்கிறதோ. ஐந்தோ, ஆறோ. மூன்றாவதை எடுத்தாள். காகிதத்திலிருந்து அவள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. எது போனாலும் போகட்டும், அது மட்டும் கூடாது.

"உஸ்மா" என்றார் ஒலிபெருக்கியில். "அந்த அட்டைகளக் கீழ வைம்மா. நான் சொல்றேன்."

அவள் நிமிர்ந்தாள். கூட்டம் அவள் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தது. வேடிக்கை என்று நினைத்தார்கள்.

"மஹ்மூத் அக்தர்னு கூப்பிட்டீங்க. மஹ்மூத் அக்தர் நான் இல்ல. அவன் அதோ, அந்தச் சுவத்துல இருக்கான். அந்தக் கல்லுல அவன் பேருதான் எழுதியிருக்கு. பத்து வயசுல காய்ச்சல்ல போயிட்டான். கரம் தாத்தோட மகன் அவன்தான். அவன் காகிதத்துல வந்தவன் நான்."

சிரிப்பு நின்றது.

"எம் பேரு ஸமான். எங்கப்பா பேரு ஜும்மா கான்." அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி அறுபது வருஷம் ஆகிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் நல்லா வாழ்ந்தேன். அவன் பேருல வாழ்ந்தேன். அவன் பேருக்கு ஒரு ஃபாத்திஹா ஓத விடாம வாழ்ந்தேன். என்னை மாதிரி வந்தவங்க இங்க இன்னும் இருக்காங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, நான் யாரையும் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே பார்வையைக் கூரைக்கு உயர்த்திக்கொண்டார். ஆனாலும் தெரிந்தது. முன் வரிசைகளில் குல்லாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. பின்னால் பேரப்பிள்ளைகளின் கைகளில் செல்போன்கள் உயர்ந்தன. அத்தனையும் அவரைத்தான் படம் பிடித்தன. மேயரம்மா பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் தன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

உஸ்மா அசையவில்லை. அவள் கையில் ஒரு அட்டை இருந்தது. அவர் வைக்கச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது, அல்லது ஏறியும் வைக்கவில்லை. குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது.

"மஹ்மூத்!"

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பினார்.

அவரை இல்லை. ஸகீனா அவருக்கு முதுகைக் காட்டியபடி சுவரில் முகத்தைப் பதித்து, பளிங்குப் படத்தை இரண்டு கையாலும் தழுவிக்கொண்டு நின்றாள். "மஹ்மூத், என் மஹ்மூத்" என்று வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. குல்லாய் போட்ட ஒரு கிழவர் எழுந்தார். கைகளை ஏந்தினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்து கைகளை ஏந்தினார்கள். ஓதும் சத்தம் மெல்ல ஆரம்பித்தது.

ஸமானும் கைகளை ஏந்தினார். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஓதலில் அந்தப் பெயர் வந்தது. "மஹ்மூத் அக்தர், கரம் தாத்தோட மகன்" என்று கிழவர் சொல்ல, கூட்டம் "ஆமீன்" என்றது.

கண்ணைத் திறந்தபோது முன் வரிசையின் நடு நாற்காலி காலியாக இருந்தது. தேநீர்க் கோப்பை மட்டும் அதில் இருந்தது.

உஸ்மா மேடையேறி அவர் அருகே வந்து நின்றாள். தொடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. வாசல் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு யார்கிட்டப் பேசறாரு?" என்றாள். அப்பா என்ற வார்த்தை அந்தக் கேள்வியில் இல்லை.

கதவுக்கு வெளியே சௌத்ரி ரவேல் நின்றார். தடி கக்கத்தில், போன் காதில். உள்ளே ஓதி முடித்து எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்ட அமைதியில், பாதி திறந்திருந்த கதவு வழியே அவர் குரல் நிதானமாக உள்ளே வந்தது.

"ரெண்டு பேரு இருக்கு, ரெண்டையும் எழுதிக்குங்க. இல்ல, இல்ல... ஆளு ஒருத்தன்தான்."